மூச்சு முட்டிய சைரன்

கிள்ளான் நகரில் நாகையா அண்ணன் நடத்தும் கார்ப் பட்டறையில், நான் ஓராண்டுக் காலம் முகப்பு மேசையில் அமர்ந்து தொலைபேசிக்குப் பதில் சொல்லும் பணியைச் செய்து வந்தேன். அதற்கு முன்னர் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளுக்கு ஈயம் வைத்துப் பற்றவைத்தவள் நான். தொழிற்சாலை வேறு நாட்டுக்கு இடம்பெயர்ந்தது, நான் இடம்பெயரவில்லை. நாற்பத்தெட்டாவது வயதில் வார இறுதி வகுப்புகளுக்குச் சென்று, கார் மின்சாதனங்களைப் பழுதுபார்ப்பதற்கான சான்றிதழைப் பெற்றேன். சீதாலெட்சுமி என்னும் என் பெயர் அதில் ஓர் எழுத்தும் குறையாமல் அச்சிடப்பட்டிருந்தது. நாகையா அண்ணன் அச்சான்றிதழை வெளிச்சத்திற்கு நேரே தூக்கிப் பிடித்து, கள்ள நோட்டைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"மூணு மாசம் பாப்போம் சீதா. வயரிங், பேட்டரி எல்லாம் நீ பாரு. ஆனா நீ செஞ்ச காடி ஒன்னு திரும்பி வந்துச்சுன்னா மறுபடியும் கவுண்டர்தான். அப்புறம் என்கிட்ட அழக்கூடாது."

"அழ மாட்டேண்ணே."

அம்மூன்று மாதங்கள் ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமையன்று நிறைவடையவிருந்தன. அதற்கு மூன்று நாள் முன்னதாக, புதன்கிழமை காலையில், கமலநாதன் சார் தம் காருடன் வந்து சேர்ந்தார்.

அவர் இடைநிலைப் பள்ளி ஆசிரியர். கிள்ளானில் பிறந்து வளர்ந்து, இப்போது தலைநகரில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியில் குடியிருப்பவர். வீடு மாறினாலும் பட்டறையை மாற்றாதவர். அன்று பள்ளி விடுமுறையாதலால் காலையிலேயே புறப்பட்டு வந்திருந்தார். அவருடைய ஒன்பது வயதான ஐரோப்பியக் கார் ஒரு மாத காலமாகத் தானாகவே அலறிக்கொண்டிருந்தது. எவரும் தொடுவதில்லை, பூனை ஏறுவதில்லை, இருப்பினும் பட்டப்பகலில் அதன் சைரன் ஊளையிடத் தொடங்கிவிடும்.

"பக்கத்து வீட்ல பச்சப் புள்ள இருக்கு," என்று அவர் நாகையா அண்ணனிடம் முறையிட்டார். "பொறந்து ஒரு மாசந்தான் ஆவுது. தூங்க வைக்கிறாங்க, என் காடி எழுப்பி விடுது. புள்ளையோட அப்பா என் மூஞ்சிய பாக்குறதே இல்ல. அடுக்குமாடி கமிட்டில லெட்டர் குடுத்துட்டாங்க. இன்னொரு தடவ கத்துனா பார்க்கிங்ல இடம் இல்லையாம்."

"புது சைரன் போட்டுடலாமே சார்?"

"ஏஜென்ட்கிட்ட கேட்டாச்சு. வெளிநாட்டுல இருந்து வரணும், ஆறு வாரமாம். அதுக்குள்ள அந்தப் புள்ள நடந்து வந்து என்னைய அடிச்சிடும்."

நாகையா அண்ணன் மோவாயைத் தடவினார். "வயர வெட்டி விட்ருவோமா?"

"வேணாம்லா! போன காடி எப்படிப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா? கோயிலுக்குள்ள போயிட்டு வெளிய வரேன், நிறுத்துன எடத்துல என் செருப்பு மட்டும்தான் இருக்கு."

அப்போது கிஷன் குறுக்கிட்டான். அவன் பட்டறையின் மூத்த மெக்கானிக். என்னைக் கேலி செய்வதைத் தன் கடமைகளுள் ஒன்றாகக் கொண்டவன். "இதுக்கு எதுக்கு இவ்ளோ பேச்சு? பிளக்க புடுங்கிப் பாத்தா தெரிஞ்சிடும்," என்று கூறியவாறே பானட்டைத் திறந்து, முன்கண்ணாடியின் கீழ் மூலையில் பொருத்தப்பட்டிருந்த கறுப்புச் சைரன் பெட்டியின் இணைப்பை இழுத்தான்.

அடுத்த நொடியில் எழுந்த ஓசையை எழுத்தில் வடிக்க இயலாது. பக்கத்து மீ நூடுல்ஸ் கடையில் உணவருந்திக் கொண்டிருந்தோர் அனைவரும் எழுந்து நின்றனர். கிஷன் பெட்டியைத் துணியால் மூடினான்; வயிற்றோடு அணைத்தான்; பயனில்லை.

"அலாமாக்! பிளக்க புடுங்கியாச்சு, இன்னும் கத்துது! பேய் புடிச்சிருக்கா இதுக்கு?"

"பேய் இல்ல கிஷன்," என்றேன் நான். "உள்ள தனியா பேட்டரி வச்சிருக்கு. திருடன் வயர வெட்டுனாலும் கத்தணும்ல, அதுக்குத்தான். நீ இப்ப செஞ்சது திருடன் செய்யிற வேல."

நான் இணைப்பை மீண்டும் செருகி, கமலநாதன் சாரிடம் சாவியை வாங்கி, இஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி அணைத்து, உடனே இணைப்பைக் கழற்றினேன். இவ்வகைக் காரில் அவ்வாறு செய்தால், உரியவரே கழற்றுகிறார் என்று சைரன் புரிந்துகொள்ளும். பெட்டி மௌனமாக என் கைக்கு வந்தது. கிஷன் தன் காதைத் தேய்த்துக்கொண்டான்.

"சாயங்காலத்துக்குள்ள முடியுமா?" என்று கமலநாதன் சார் கேட்டார்.

நாகையா அண்ணன் என்னைப் பார்த்தார். நான் முடியும் என்றேன்.

அப்பெட்டி திறப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. திருகாணி ஏதுமின்றி முழுவதும் ஒட்டி மூடப்பட்டிருந்தது. மெல்லிய இரம்பத்தால் அதன் விளிம்பைச் சுற்றி மெதுவாக அறுத்தேன். உள்ளே ஒலி எழுப்பும் தகடும், கட்டைவிரல் அகலத்தில் ஒரு சர்க்யூட் பலகையும், பொத்தான் போன்ற மூன்று மின்கலங்களும் இருந்தன. மின்கலங்கள் கசிந்து, பச்சையும் வெண்மையுமாகப் பூத்திருந்தன. அந்தக் கசிவு பலகையின் செப்புக் கோடு ஒன்றை அரித்திருந்தது. வலுவிழந்த மின்கலத்தால் குழம்பிய சைரன், எவரோ தன் கம்பியை வெட்டிவிட்டதாகக் கருதிக் கதறியிருக்கிறது. நோய் இன்னதென்று தெரிந்தது. ஆயினும் இவ்வளவு ஈரம் உள்ளே தங்கியது எவ்வாறு என்பது விளங்கவில்லை.

இத்தகைய பெட்டிகளுக்கு மூச்சுத் துவாரம் ஒன்று உண்டு. இஞ்சின் வெப்பத்தில் உட்காற்று விரிந்து வெளியேறுவதற்கும், குளிரும்போது மீண்டும் உட்புகுவதற்குமான வழி அது. அது அடைபட்டால் பெட்டி தன் விளிம்புகளின் வழியே மழையீரத்தை உறிஞ்சும். உறிஞ்சியதை வெளியேற்ற முடியாது. நான் பெட்டியின் மேற்பகுதியைத் திருப்பிப் பார்த்தேன். துவாரம் இருக்க வேண்டிய இடத்தில், சிமெண்டு போல் இறுகிய மஞ்சள் நிறக் கட்டி ஒன்று இருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டு சென்றேன்.

சந்தனம். அதன் நடுவே சிவப்பாகக் குங்குமத்தின் எச்சம்.

ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று எங்கள் பட்டறைக்கு வாடிக்கையாளர்கள் தம் கார்களைக் கொண்டு வந்து நிறுத்துவார்கள். ஐயர் தீபாராதனை காட்டுவார். பட்டறையினர் ஒவ்வொரு காருக்கும் பொட்டு வைப்பர். சென்ற ஆண்டு அப்பணி முகப்பு மேசைக்காரியான எனக்குத் தரப்பட்டது. ஸ்டீயரிங்கிலும் சக்கரத்திலும் மட்டும் வைத்திருந்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் பானட்டுக்குள்ளே உழைக்கும் பாகங்களையும் வணங்க வேண்டும் என்று எண்ணி, பேட்டரி, ஃபியூஸ் பெட்டி, சைரன் என எதையும் விடாமல், கட்டை விரலால் அழுத்தி, தாராளமாக வைத்தேன். சைரன் பெட்டியின் மேல் வட்டமாக ஒரு சிறு பள்ளம் இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே அமைந்த இடம் போல அது அன்று எனக்குத் தோன்றிற்று.

நாகையா அண்ணனை அழைத்துக் காட்டினேன். அவர் கட்டியை உற்றுப் பார்த்தார். பிறகு வாசற்பக்கம் பார்த்தார். கமலநாதன் சார் உணவருந்தச் சென்றிருந்தார்.

"ஒம்போது வருஷத்து பேட்டரி சீதா. பொட்டு வைக்காட்டியும் ரோசாக் ஆயி கெட்டுப் போயிருக்கும். பழசாப் போச்சுன்னு சொல்லு. அது ஒன்னும் பொய் இல்லியே."

"பாதிப் பொய்ண்ணே. அன்னைக்கு எத்தன காடி வந்துச்சு?"

"முப்பது இருக்கும். ஏன்?"

"இத விட்டா, அதுல இந்த மாதிரி சைரன் வச்ச காடி?"

அவர் மனத்துக்குள் எண்ணி, "ஏழு," என்றார். எண்ணி முடித்ததும் நான் சொல்ல வருவதை அவர் முகம் புரிந்துகொண்டது. "ஏய்! ஏழு பேரையும் கூப்பிட்டு, நாங்க வச்ச பொட்டு உங்க காடிய கெடுத்துருச்சுன்னு சொல்லப் போறியா? கிள்ளானே சிரிக்கும்லா!"

"ஃபேக்டரில ஒரு போர்டு தப்பாப் போனா, அந்த ஷிஃப்ட்டுல செஞ்ச அத்தனையையும் திருப்பிக் கூப்பிடுவோம்ணே. ஒன்ன மட்டும் சரி பண்ணி அனுப்புற பழக்கம் இல்ல."

"இது ஃபேக்டரி இல்ல. சனிக்கெழம நான் என்ன முடிவு சொல்லணும்னு ஞாபகம் இருக்கா?"

நினைவில் இருந்தது. அதைத் தவிர வேறெதுவும் நினைவில் இல்லை என்று சொன்னாலும் தகும்.

நான் மேசைக்குத் திரும்பினேன். கசிவை வினிகர் தோய்த்த பஞ்சாலும், பின்னர் ஸ்பிரிட்டாலும் துடைத்தேன். அரிக்கப்பட்ட செப்புக் கோட்டுக்கு ஈடாகத் தலைமுடி போன்ற கம்பி ஒன்றைப் பற்றவைத்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளும் விரல் நுனியில் வந்து அமர்ந்திருந்தன. கிஷன் மின்பொருள் கடைக்குச் சென்று அதே அளவுள்ள மூன்று மின்கலங்களை வாங்கி வந்தான். அவற்றைப் பொருத்தி, துவாரத்தை ஊசியால் தூய்மை செய்து, பெட்டியைச் சிலிக்கான் பசையால் மூடிக் காயவைத்தேன்.

மாலை நான்கு மணிக்குச் சைரனைக் காரில் மீண்டும் பொருத்தினேன். என்னை உள்ளே வைத்துக் காரைப் பூட்டச் செய்து, கதவை உள்ளிருந்து திறந்தபோது, கத்த வேண்டிய சைரன் கத்திற்று. சாவியை அழுத்தியதும் அடங்கிற்று. அதன் பின் ஒரு மணி நேரம் பூட்டி வைத்தோம். அது வாய் திறக்கவில்லை.

கமலநாதன் சாரின் முகம் மலர்ந்தது. "கெட்டிக்காரிலா நீங்க! என்ன பிரச்சன அதுல?"

நாகையா அண்ணன் இருமினார். நான் அந்த மஞ்சள் கட்டியைக் காகிதத்தில் வைத்து நீட்டினேன்.

"இது சந்தனம் சார். ஆயுத பூசைக்கு நான் வச்ச பொட்டு. மூச்சு விடுற ஓட்டைய அடைச்சிருக்கு, ஈரம் உள்ளயே தங்கிருச்சு. பேட்டரியும் பழசுதான். ஆனா சீக்கிரமாக் கெட்டதுக்கு நான்தான் காரணம்."

அவர் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மலர்ச்சி மறைந்தது.

"ஒரு மாசமா லிஃப்டுல எல்லார்கிட்டயும் தல குனிஞ்சு நிக்கிறேன். கமிட்டி லெட்டர் வேற. எல்லாம் ஒங்க பொட்டாலயா?"

"ஆமா சார். மன்னிச்சிடுங்க."

"சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே?"

"இன்னும் ஏழு காடி இருக்கு சார். ஒங்ககிட்ட மறைச்சிட்டு, அவங்கள என்னன்னு சொல்லி வரச் சொல்றது?"

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காரை எடுத்துச் சென்றுவிட்டார். அச்செயலுக்கு என்ன பொருள் என்று எங்களுள் எவருக்கும் விளங்கவில்லை.

"முடிஞ்சுச்சு," என்றான் கிஷன். "கமிட்டில காட்டப் போறாரு."

வியாழக்கிழமை காலையில் நான் தொலைபேசியை எடுத்தபோது நாகையா அண்ணன் அதை என் கையிலிருந்து பிடுங்கினார். தடுக்கிறார் என்று நினைத்தேன். அவரோ தாமே எண்களை அழுத்தினார். "ஹலோ, நாகையா பேசுறேன். ஒங்க காடிக்குப் பொட்டு கொஞ்சம் அதிகமாப் போச்சு, கொண்டாங்க, எடுத்து விடுறோம்... சிரிக்காதீங்க பாஸ், உண்மையாத்தான் சொல்றேன்." ஏழு முறை அவர் அதைச் சொன்னார்; ஏழாவது முறை அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் நான்கு கார்கள் வந்தன. மூன்றில் ஊசியால் துவாரத்தைத் திறந்ததே போதுமானதாயிற்று. ஒன்றில் ஈரம் சேரத் தொடங்கியிருந்தது. உரிய நேரத்தில் காப்பாற்றினேன். கமலநாதன் சாரிடமிருந்து மட்டும் எவ்விதச் செய்தியும் வரவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணியளவில் அவருடைய கார் பட்டறை வாசலில் திரும்பியது. திரும்பி வந்த காரைக் கண்டதும் என் கண் தானாக முகப்பு மேசையின் பக்கம் சென்றது. நாகையா அண்ணன் என் பக்கம் பார்க்காமல் கைகளைத் துடைத்தவாறே முன்னே நடந்தார்.

"கத்துதா சார்?"

"எங்க கத்துது? மூணு நாளா சத்தமே இல்ல." கமலநாதன் சார் இறங்கி, பின்னால் வந்து நின்ற வேறொரு காரைச் சுட்டினார். "இவரு ஜாவித். பக்கத்து வீடு. புள்ளையோட அப்பா. அந்தச் சந்தனத்த கொண்டு போய் இவருகிட்டதான் காட்டுனேன். சிரிச்சாரு பாருங்க, ஒரு மாசத்துக்கு அப்புறம்."

கண்ணுக்குக் கீழே கருவளையத்துடன் இளைஞர் ஒருவர் இறங்கினார். "அக்கா, புள்ள நேத்து மூணு மணி நேரம் ஒரே தூக்கம். அவங்கம்மா பயந்து போயி எழுப்பிப் பாத்தாங்க," என்றார். பிறகு தம் காரைக் காட்டி, "என் காடில டோர் லாக் தானா தெறக்குது. நாலு எடத்துல காட்டிட்டேன், ஒவ்வொருத்தரும் ஒன்னு சொல்றாங்க. தப்பு செஞ்சா தப்புன்னு சொல்ற ஆளுகிட்ட ஒரு தடவ காட்டிப் பாப்போம்னு வந்தேன்," என்றார்.

நாகையா அண்ணன் கைத்துணியைத் தோளில் போட்டார். பின்பு கிஷனிடம் திரும்பி, "திங்கக்கெழமைல இருந்து கவுண்டருக்கு ஆள் வேணும். ஒனக்குத் தெரிஞ்ச ஆள் இருந்தா சொல்லு," என்றார்.

"அப்ப சீதாக்கா?"

"அவ எங்க கவுண்டருக்கு வருவா? வேலய பாரு."

எனக்கு அவர் கூறிய முடிவு அவ்வளவுதான். கைகுலுக்கலும் இல்லை, வாழ்த்தும் இல்லை. நானும் அழமாட்டேன் என்று முன்னமே வாக்களித்திருந்தபடியால், முகத்தைத் திருப்பிக்கொண்டு கருவிப் பெட்டியைத் தேடினேன்.

"அக்கா, இந்த வருஷம் ஆயுத பூசைக்குப் பொட்டு வைக்கிறது யாரு?" என்று கிஷன் பின்னாலிருந்து கத்தினான்.

"நான்தான். எங்க வைக்கக் கூடாதுன்னு எனக்குத்தானே தெரியும்!"

ஜாவித் கதவைத் திறந்து பிடித்தார். நான் இருக்கையில் அமர்ந்து, கதவின் உட்பலகையை விரலால் தட்டிக் கேட்டவாறு, "இது எப்ப இருந்து தெறக்குது தம்பி? மழ பேஞ்சா மட்டுமா, இல்ல வெயில்லயுமா?" என்று விசாரிக்கத் தொடங்கினேன்.