கண்ணாடி இல்லாத வண்டி

எங்க வீட்டுக்காரர் படகு வாங்கப் போறேன்னு சொன்னப்போ நான் வெங்காயம் உரிச்சிட்டு இருந்தேன். அதனால அன்னிக்கு என் கண்ணுல தண்ணி வந்ததுக்கு அவரு பொறுப்பில்லைன்னு வச்சுக்குவோம்.

"படகா?"

"ம்."

"எதுக்கு?"

"மீன் பிடிக்க."

அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணும்னா சுவத்துக்கிட்டதான் போய்க் கேக்கணும். சரியான கல்லுளிமங்கன்! இத்தனைக்கும் அவரு டவுன் பஸ் ஓட்டினவரு, அதே பஸ்ல நான் கண்டக்டர். பாதி ஆயுசு ஒரே வண்டிலதான் போச்சு. அவரு முன்னாடி, நான் பின்னாடி. நடுவுல இஞ்சின் சத்தமும் ஊர்க்கூட்டமும். எங்களுக்குள்ள பேச்சுன்னா மணிதான். கயித்தை ரெண்டு தரம் இழுத்தா கிளம்பணும், ஒரு தரம் இழுத்தா நிக்கணும்.

ரோடு காலியா கிடந்தாலும் சரி, பின்னாடி லாரிக்காரன் ஹாரனைப் போட்டு உயிரை வாங்கினாலும் சரி, ரெண்டு மணி கேக்காம பிரேக்குல இருந்து காலை எடுக்க மாட்டாரு. ஒரு தடவை கயிறு அறுந்து போச்சு. நான் காசை எடுத்துக் கம்பில டங் டங்குனு தட்டினேன். அதுக்கப்புறம்தான் வண்டி நகர்ந்துச்சு. "நீங்க வீட்லயும் மணி அடிச்சுத்தான் பேசிக்குவீங்களா?"ன்னு டிப்போல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. வீட்லயும் நான் அவரை டிரைவர்னுதான் கூப்பிடுவேன். அவருக்கு நான் கண்டக்டர்.

நின்னு நின்னு என் முட்டி போச்சு, அதனால நான்தான் முதல்ல வேலையை விட்டேன். அவரு இப்பதான் ரிட்டயர் ஆனாரு. இனிமேலாவது மனுஷன் பக்கத்துல உக்காருவாருன்னு ஆசையா இருந்தேன். இவரு என்னடான்னா படகு வாங்கறாராம்! ஊர்க்கோடில பெரிய ஏரி இருக்கு. லீவு நாள்ல தூண்டிலைத் தூக்கிட்டுப் போய்க் கரையில உக்காந்துக்குவாரு. இப்போ கரையும் பத்தலை போல, தண்ணிக்கு நடுவுல போகணும்.

மகளுக்குப் போன் போட்டுப் புலம்பினேன்.

"விடும்மா. அப்பா அத்தனை வருஷம் அத்தனை பேரை முதுகுக்குப் பின்னாடி வச்சு ஓட்டினாரு. கொஞ்ச நாள் தனியா இருக்கட்டுமே"ன்னா.

சரியான பேச்சுதான். ஆனா அந்த 'தனியா' தொண்டையில முள்ளு மாதிரி மாட்டிக்கிச்சு. அந்த அத்தனை பேர்ல நானும் ஒருத்தியா? முதுகுக்குப் பின்னாடி இருந்து எப்படா தப்பிக்கலாம்னு மனுஷன் காத்துக்கிட்டு இருந்தாரா? மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, எனக்குப் பயமா இருந்துச்சு. தண்ணியைப் பாத்து இல்லை, இவரைப் பாத்து. 'நீயும் வர்றியா'ன்னு ஒரு வார்த்தை கேட்டா நொண்டிக்கிட்டாவது போயிருப்பேன். அவரு கேக்க மாட்டாரு. நானா கேக்கறதுக்கு எனக்கு வீம்பு.

ஆனா கடைக்கு மட்டும் விடாம ஒட்டிக்கிட்டேன். "வாங்கற பொருளை நான் பாக்க வேணாமா? ஆழம் தெரியாம காலை விடற ஆளு நீங்க"ன்னேன்.

"வா"ன்னாரு.

கடை ஒரு பெரிய தகரக் கொட்டகை. ஒரு பக்கம் அலுமினியப் படகுகளைக் குப்புறக் கவுத்து ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருந்தாங்க. இன்னொரு பக்கம் மோட்டாருங்க ஸ்டாண்டுல வரிசையா தொங்கிச்சு. ரப்பரும் ஆயிலும் கலந்த வாசனை. எங்க டிப்போ வாசனையேதான். நாலஞ்சு படகு டிரெய்லர் வண்டி மேல ஏறி உக்காந்திருந்துச்சு. ஓடமும் ஒரு நாள் வண்டில ஏறும்னு சொல்லுவாங்களே, அதைக் கண்ணால பாத்தாச்சு. இனி வண்டிக்காரர் ஓடத்துல ஏறறது ஒண்ணுதான் பாக்கின்னு நினைச்சுக்கிட்டேன்.

கடைக்காரர் வாயைத் திறந்தா "கண்டிப்பா"தான். லேசான படகு இருக்கா? கண்டிப்பா. ஓட்டை விழுமா? கண்டிப்பா விழாது. அதனால அவருக்கு நான் கண்டிப்பான்னே பேரு வச்சுட்டேன்.

எங்க ஆளு முதல்ல டிரெய்லர் டயரைக் காலால ஒரு தட்டு தட்டிப் பாத்தாரு. காலையில வண்டி எடுக்கறப்போ தட்டற அதே தட்டு. அப்புறம் குனிஞ்சு படகோட அடிவயித்தைப் பாத்தாரு, விரலை மடக்கித் தட்டிப் பாத்தாரு. கண்டிப்பா சொன்னாரு: "ஆணி அடிச்சு இறுக்கினது ஒரு வகை சார், வெல்டிங்ல பத்த வச்சது ஒரு வகை. ஆணி வச்சது விலை கம்மி, லேசு. நாளாக நாளாக ஆணி இளகும். அப்போ படகைத் தண்ணில விடாதீங்க, படகுக்குள்ள தண்ணியை விடுங்க. வெளியில எங்க சொட்டுதுன்னு பாத்தா எந்த ஆணின்னு தெரிஞ்சிடும்." பரவாயில்லை, ஆளுக்கு விஷயம் தெரியுதுன்னு நினைச்சேன்.

பெரிய மோட்டாரா தள்ளிவிடப் பாத்தாரு. எங்க டிரைவர் படகோட பின்பலகையில அடிச்சிருந்த தகட்டைக் காட்டினாரு. எவ்வளவு பாரம், எத்தனை பேரு, எவ்வளவு பெரிய மோட்டாருன்னு எல்லாம் அதுல இருந்துச்சு. பஸ்லயும் இப்படி ஒரு போர்டு இருந்துச்சு. அதை ஒரு நாளும் யாரும் மதிச்சதில்லை. இவரு மதிச்சாரு. சின்ன மோட்டாரே போதும்னுட்டாரு. கண்டிப்பா டேப்பை வச்சுப் பின்பலகை உயரத்தை அளந்தாரு. மோட்டாரோட தண்டு அதுக்குப் பொருந்தணுமாம். குட்டையா இருந்தா அடியில சுத்தற காத்தாடி காத்தைக் குடிக்கும், நீளமா இருந்தா தரையில இடிக்கும்னாரு.

கடைசியில ரெண்டு படகு நின்னுச்சு.

ஒண்ணுல நடுவுல ஸ்டியரிங், பக்கத்துல சாவி, திருகினா மோட்டார் கிளம்பும். ஓட்டறவருக்கு முன்னாடி சீட்டு, கூட வர்றவங்களுக்குப் பின்னாடி மெத்தை வச்ச சீட்டு. இன்னொண்ணு வெறும் படகு. குறுக்க மூணு பலகை. கடைசிப் பலகையில உக்காந்து மோட்டாரோட கைப்பிடியைப் பிடிச்சுத் திருப்பணும். கயித்தை இழுத்து ஸ்டார்ட் பண்ணணும்.

இதுல யோசிக்க என்ன இருக்கு? ஸ்டியரிங்கோட பொறந்த மனுஷன். "இதுல ஏறிப் பாருங்க"ன்னு நானே சொன்னேன். ஏறி உக்காந்தாரு. கை ரெண்டும் தானா போய் இடத்துல உக்காந்துச்சு. முதுகு நிமிந்துச்சு. அந்தப் பின்கழுத்தைப் பாத்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எத்தனை வருஷம் பாத்த கழுத்து!

அவரு தலையைத் தூக்கி மேல பாத்தாரு. வலது பக்கம் பாத்தாரு. "கண்ணாடி எங்க?"ன்னாரு.

கண்டிப்பா விழுந்து விழுந்து சிரிச்சாரு. "ஏரில உங்களை யாரு சார் ஓவர்டேக் பண்ணப் போறா?" நானும் சேந்து சிரிச்சேன், அவரைவிட சத்தமா. டிரைவர் சிரிக்கலை. திரும்பிப் பின்னாடி இருந்த மெத்தை சீட்டைப் பாத்தாரு. கொஞ்ச நேரம் பாத்துட்டு இறங்கிட்டாரு.

"அது"ன்னு கைப்பிடிப் படகைக் காட்டினாரு.

"உங்களுக்கென்ன பைத்தியமா? இந்த வயசுல கயிறு இழுத்துக்கிட்டு! தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதையால்ல இருக்கு?"

கண்டிப்பாவும் என் கட்சிதான். "அம்மா சொல்றது சரி சார். இதுல எல்லாம் தலைகீழ். கைப்பிடியை வலது பக்கம் தள்ளினா படகு இடது பக்கம் போகும். நீங்க தனியா பின்னாடி உக்காந்தா மூக்கு மேல தூக்கிக்கும், வழியே தெரியாது. முன்னாடி கண்டிப்பா பாரம் வேணும். மணல் மூட்டை வச்சுக்கலாம்."

"முன்னாடி பலகையில ஒரு சீட்டு வைக்க முடியுமா?"ன்னு கேட்டாரு டிரைவர். "சாஞ்சு உக்கார்ற மாதிரி."

"கண்டிப்பா."

"பின்பக்கம் பாத்த மாதிரி."

"மீனு முன்னாடி இருக்கும் சார்."

"இருக்கட்டும்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மூட்டைக்குச் சாய்மானம் வச்ச சீட்டு! என் முட்டிக்கு ஒரு தலையாணி எடுத்துப் போட்டதுண்டா இந்த மனுஷன்? கூட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போலாம்னு தோணலை, மணலைக் கூட்டிட்டுப் போகத் தோணுது. வீடு வர்ற வரைக்கும் நான் பேசலை. அவரு வழக்கம் போலப் பேசலை. அதனால நான் கோவமா இருந்தது அவருக்குத் தெரிஞ்சிருக்கவே நியாயமில்லை.

மறுநாள் காலையில ஏரியில ஓட்டிப் பாக்கலாம்னு கூப்பிட்டாங்க. பலகைத் துறை ஓரமா படகு கட்டியிருந்துச்சு. நான் துறை மேல நின்னேன். கண்டிப்பா அவரோட ஏறி உக்காந்து பாடம் நடத்தினாரு. பெட்ரோல் குழாய்ல இருக்கற ரப்பர் உருண்டையை அது கெட்டியாகற வரைக்கும் அமுக்கணும். சிவப்புச் சுருள் கயித்தைக் கையில மாட்டிக்கணும், தவறித் தண்ணில விழுந்தா கயிறு பிடுங்கிக்கிட்டு மோட்டார் நின்னுடும். அப்புறம் ஸ்டார்ட் கயித்தை இழுக்கணும். ரெண்டாவது இழுப்புல கிளம்பிடுச்சு.

அதுக்கப்புறம் நடந்ததை என்னன்னு சொல்ல! ரோட்ல ஒரு கீறல் விழாம ஓட்டினவரு, வலது பக்கம் போகணும்னு வலது பக்கமே தள்ளினாரு. படகு இடது பக்கம் கோரைப்புல்லுக்குள்ள போய்ச் சொருகிச்சு. பழக்கதோஷம்! வெளியில எடுத்தாங்க, மறுபடி அதே கோரை. "டிரைவர், கைப்பிடியை லெஃப்டுல ஒடிங்க! லெஃப்டு!"ன்னு நான் கரையில இருந்து கத்தினேன். என் சத்தத்துக்கு ரெண்டு கொக்கு பறந்ததுதான் மிச்சம். ஒரு வழியா துறைக்கு வந்து சேந்தப்போ கண்டிப்பா முகத்துல ரத்தமே இல்லை.

"இப்போ தனியா ஒரு ரவுண்டு போங்க சார்"னு இறங்கித் தப்பிச்சாரு. ஒரு மணல் மூட்டையைத் தூக்கி முன்னாடி புது சீட்டுல வச்சாரு. அது ஜமீன்தார் மாதிரி சாஞ்சு உக்காந்துக்கிச்சு. கட்டியிருந்த கயித்தையும் அவுத்து விட்டாரு.

மோட்டார் உறுமுது. படகு போகலை. டிரைவர் ஒரு கையால துறைக் கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்காரு.

"கியரைத் தள்ளுங்க சார்."

அசையலை.

"கியர் மாட்டிக்கிச்சா சார்?"

கண்டிப்பாவுக்குப் புரியலை. எனக்குப் புரிஞ்சுபோச்சு. அந்த உக்கார்ற தோரணை எனக்குத் தெரியும். லாரிக்காரன் ஹாரன் அடிச்சாலும் அசையாத தோரணை. ஆனா வீம்பு விடுமா?

"என்ன டிரைவர், ரோடு காலியாதானே கிடக்கு?"

"மணி வரலை."

"ஆளு ஏறினாத்தானே மணி?"

"அதான். ஏறு."

"என் இடத்துல அய்யா ஒருத்தர் உக்காந்திருக்காரே."

"அது டிக்கெட் எடுக்கலை. இறக்கி விடு."

அய்யோ, இந்த மனுஷனுக்கு இவ்வளவு பேச்சு எங்கிருந்து வந்துச்சு! கண்டிப்பா ஒண்ணும் புரியாம மூட்டையைத் தூக்கித் துறை மேல போட்டாரு. நான் காலை வச்சேன், படகு ஆடிச்சு, கத்தினேன். அவரு கம்பத்தை விடாம இன்னொரு கையை நீட்டினாரு. பிடிச்சுக்கிட்டு, முட்டியை மடக்க முடியாம, எப்படியோ போய் அந்தச் சீட்டுல தொப்புனு விழுந்தேன். முட்டி நீட்ட இடம் இருந்துச்சு. சாய்மானம் முதுகுக்குச் சரியா வந்துச்சு. அவரு தன் பலகைக்கு அடியில இருந்து ஒரு மிதவைச் சட்டையை எடுத்து நீட்டினாரு. புதுசு. விலைச் சீட்டு கூடக் கிழிக்கலை. என் அளவு.

மாட்டிக்கிட்டே கேட்டேன். "இந்தச் சீட்டு ஏன் திரும்பி இருக்கு? போற வழி எனக்குத் தெரியாதே."

"வழியை நான் பாத்துக்கறேன்."

அப்புறம் அவரு தண்ணியைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "அந்த ஸ்டியரிங் படகுலயும் நீ பின்னாடிதான் உக்காரணும். வருஷக்கணக்கா உன்னைக் கண்ணாடியிலதான் பாத்தேன். உள்ளங்கை அளவு. கூட்டம் ஏறிட்டா அதுவும் தெரியாது."

அவரு வாழ்க்கையிலேயே பேசின பெரிய பேச்சு அதுதான். என் கண்ணுல தண்ணி வந்துச்சு. உரிக்கறதுக்கு வெங்காயமும் இல்லை.

விரலை மடக்கி அலுமினியத்துல தட்டினேன். டங், டங்.

கம்பத்தை விட்டாரு, கியரைத் தள்ளினாரு. படகு கிளம்பிச்சு. அவரு வழியைப் பாக்கவே இல்லை, என்னையே பாத்துட்டு இருந்தாரு. அவரு தோளுக்குப் பின்னாடி துறை விலகி விலகிப் போச்சு. கண்டிப்பா ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டி என்னமோ கத்தினாரு. திரும்பிப் பாத்தேன். நேரா அந்தக் கோரைக்குத்தான் போய்க்கிட்டு இருந்தோம்.

நான் ஒத்தை மணி அடிக்கலை.