இரண்டு வாஷர்

ஜெயனிக்குத் தெரியாமல் இருக்கலாம், அது என்னுடைய இடமென்று. இவருக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டேதானே அந்தச் சின்ன முக்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார்.

தேத்தண்ணித் தட்டோடு பின்படியில் நின்று அஜந்தா இதை நினைத்தாள். மே மாதத்து முதல் சனிக்கிழமை. பனி கரைந்து, வில்லரேப் பகுதியின் அந்தப் பின்சந்தில் வீட்டுக்கு வீடு கதிரைகளும் சைக்கிள்களும் வெளியே வந்திருந்தன. அவள் கணவன் வினோஜன் தன் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தான்.

பத்து வருடமாக அது இரண்டு பேர் வேலை. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் போல்டைக் கழற்றி அவன் பழைய எண்ணெயை வடிப்பான். கசியாமல் அடைக்கப் போல்டில் இருக்கும் செம்பு வாஷரை எடுத்தெறிந்து, புதியதை மாட்டி, முதல் சுற்றுகளைக் கையால் முறுக்குவது அவள். மோதிரம் அளவு சாமான், ஐந்து நிமிட வேலை. ஆனால் திரும்பிப் பாராமலே "இஞ்சரும்" என்று அவன் கை நீட்டுவதும், அங்கே அவள் கை இருப்பதும் வருடத்தில் அந்த ஒரு நாள்தான். அதற்காகத் தான் காத்திருப்பதை அவள் அவனிடம்கூடச் சொன்னதில்லை.

ஜெயனி அவனோடு வேலை செய்கிறவள். இதே வகை மோட்டார் சைக்கிள் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தாள். எப்படிச் செய்வதென்று பார்க்க வந்தவளிடம் வினோஜன் அந்த வாஷர் வேலையையே கொடுத்துவிட்டான். பனிக்காலம் முழுக்கத் தொலைபேசியில் அவனை "வினோ அண்ணை" என்றவள், இன்று "வினோ" என்றாள்.

"வினோ, இதை ஒருக்காப் பிடியுங்கோவன்."

"பிடிக்கிறன். ஒயிலை முகத்திலை பூசிப்போடாதையும். பேந்து ஒருத்தரும் உம்மைக் கட்டமாட்டினம்."

"கட்டாட்டி நல்லது. என்ரை பைக்கிலை பின்னுக்கு ஆள் ஏத்திற எண்ணமில்லை."

இருவரும் சிரித்தார்கள். அஜந்தாவும் சிரித்தாள், சற்றுப் பிந்தி.

தட்டை வைக்கக் குனிந்தபோதுதான் கண்டாள். ஜெயனி துடைத்துக்கொண்டிருந்த போல்டில் பழைய வாஷர் இல்லை. அது எஞ்சின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு, எண்ணெய்க் கறுப்பில் இரும்போடு இரும்பாகக் கிடந்தது. ஜெயனி புதிய வாஷரை மாட்டி முறுக்கத் தொடங்கினாள். ஒன்றின்மேல் ஒன்று. ஒழுகும். அஜந்தா வாயைத் திறந்தாள்.

"சீனி ஒரு கரண்டி காணுமோ?" என்று கேட்டாள்.

"ஓம் அக்கா, காணும்."

புதிய எண்ணெய் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டார்கள். சிறிது நேரத்தில் சிமெந்தில் ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. உள்ளே எழுந்த சந்தோஷத்துக்கு அஜந்தா வெட்கப்பட்டாள், ஆனாலும் அடக்கவில்லை. இனிக் கத்துவார். இரண்டாவது வருடம் அவளும் இதே பிழையைத்தான் விட்டாள். "கண்ணை எங்கை வைச்சிருக்கிறீர்?" என்று பக்கத்து வீட்டார் பார்க்கக் கேட்டுவிட்டு, அடுத்த நாள் இரவுச் சாப்பாடு வரைக்கும் அவன் அவளோடு கதைக்கவில்லை. அந்தக் குரலுக்காக இப்போது காத்திருந்தாள்.

வினோஜன் எண்ணெயை மறுபடி வடித்தான். அடியில் விரலால் தடவி, ஒட்டியிருந்ததை நகத்தால் கிளப்பி எடுத்தான். எழும்பும்போதே சிரித்தான்.

"ரெண்டு வாஷர்! பரவாயில்லை ஜெயனி, எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

எல்லாருக்கும். பிழைக்குத்தான் அந்தக் கோபம் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேனே.

"உங்கடை புது ஒயிலைப் பழுதாக்கிப் போட்டன். அக்காவும் பார்த்துக்கொண்டு நிக்கிறா. வெக்கமாக் கிடக்கு." ஜெயனியின் கண் கலங்கியிருந்தது. கை கழுவ உள்ளே போய்விட்டாள்.

வினோஜன் படிக்கு வந்தான். அன்று முதல்தடவையாக அஜந்தாவின் முகத்தைப் பார்த்தான்.

"இஞ்சரும், அந்தப் பிள்ளை நல்லா வாடிப்போச்சு. நீரும் ஒருக்கால் பரவாயில்லை எண்டு சொல்லிவிடும். நீர் சொன்னால்தான் அவவுக்கு ஆறும்."

கெஞ்சுகிற முகம். தனக்காக அந்த முகம் ஒருநாளாவது இப்படி ஆகியிருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். உள்ளே தண்ணீர்க் குழாயின் சத்தம் நின்றது.

"நான் சொல்லமாட்டன்," என்றாள் அஜந்தா, ஜெயனிக்குக் கேட்காத குரலில். "நீங்கள் சொன்னது காணும்."