கன்ட்ரோலர் கழற்றிய வண்டி

வண்டியை உடைப்பதற்குத்தான் கோகிலவாணிக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று அவளுடைய அப்பா நைனார்பாளையத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை. அவள் வேலை பார்த்த கம்பெனி, மலைப்பாதையில் ஓடக்கூடிய மின்சார நாலுசக்கர வண்டி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. பாதை என்றே சொல்ல முடியாத இடங்களில் அதை ஓட்டவிட்டு, எங்கே சூடேறுகிறது, எங்கே தண்ணீர் புகுகிறது, எது முதலில் முறிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சரிசெய்து மறுபடியும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதுதான் அவள் வேலை.

சோதனை ஓட்டத்துக்குக் கல்வராயன் மலையில் இருக்கும் நெல்லிமேட்டைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து பாறைச் சரிவில் இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்ப்பக்கம் ஏறினால் அந்த ஊர். பைக் போகும். வெயில் காலத்தில் டிராக்டர் எப்படியோ தட்டுத்தடுமாறி வந்துவிடும். ஜீப் ஓடைக்கரையிலேயே நின்றுவிடும். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று எழுதிக்கொடுத்து அனுமதி வாங்கினாள்.

வண்டியை ஓட்டியவர் வேடியப்பன். அந்த ஊர்க்காரர். முன்பு கரும்பு வெட்டுக் காலத்தில் சங்கராபுரம் பக்கம் இறங்கி டிராக்டர் ஓட்டியிருக்கிறார். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்தில் கோகிலவாணி மடியில் லேப்டாப்பும் காலடியில் ஒயர்க் கற்றையுமாக உட்கார்ந்திருப்பாள். பின்னால் மணல் மூட்டைகள். ஓடையைத் தாண்டிய ஏற்றத்தில் பாதி ஏறியதும் வண்டி நின்றுபோகும். மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் போகலாம் என்று முடிவுசெய்கிற கன்ட்ரோலர் பெட்டி சூடு தாங்காமல் எல்லாவற்றையும் அணைத்துவிடும். அது ஆறும்வரை இருவரும் பாறையில் உட்கார்ந்திருப்பார்கள்.

"மாட்டுக்குக்கூட இவ்ளோ நேரம் மூச்சு வாங்காதுங்க மேடம்" என்பார் வேடியப்பன்.

அவள் பெட்டியை இடம் மாற்றினாள். காற்று படும்படி திருப்பினாள். புரோகிராமை எத்தனையோ முறை திருத்தினாள். மழைக்காலம் முழுக்க இதே பாடுதான். தை பிறந்து ஒரு காலையில், முழுப் பாரத்தோடு வண்டி அந்த ஏற்றத்தில் எங்கேயும் நிற்காமல் ஏறி ஊருக்குள் போய் நின்றது. வேடியப்பன் இறங்கவே இல்லை. "ஏறிட்சு மேடம், ஏறிட்சு" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு ஊரே அந்த வண்டியைத் தன்னுடையதாக நினைக்க ஆரம்பித்தது. மரவள்ளிக் கிழங்கு மூட்டை போனது. காய்ச்சல் கண்ட பிள்ளைகள் போனார்கள். நோயாளியைப் படுக்கவைத்துக் கொண்டுபோக வேண்டிவரும் என்று கோகிலவாணி பின்பக்கம் ஒரு பலகையைப் பொருத்தி, குலுக்கல் குறைய ஸ்பிரிங்கை மாற்றினாள். "மணல் மூட்டைக்கு வலி தெரியாதுங்க, நானே படுத்துக்கறேன்" என்று வேடியப்பன் பலகையில் ஏறிப் படுத்துக்கொண்டார். அவள் ஓட்டினாள். "இடுப்புல இடிக்குதுங்க... இப்ப பரவால்ல... இப்ப தூக்கமே வந்துடும்போல" என்று பின்னாலிருந்து குரல் வந்துகொண்டிருந்தது.

மாசியில், தார் ரோட்டில் சிக்னல் கிடைக்கிற இடத்தில் அவள் நின்றிருந்தபோது, இளஞ்செழியன் போன் செய்தார். அவளுடைய மேலதிகாரி.

"வாணி, ப்ராஜெக்ட்ட மூடிட்டாங்க. இனிமே டவுன் ஸ்கூட்டர் மட்டும்தான். உன்னையும் என்னையும் அதுல போட்டுட்டாங்க."

"சார், இப்பதான் ஏற ஆரம்பிச்சிருக்கு."

"தெரியும்மா. நான் பேசாம இருந்தேன்னு நினைக்கிறியா? கன்ட்ரோலரக் கழட்டி அனுப்பச் சொல்றாங்க. பேட்டரி சார்ஜ முழுக்க எறக்கிடு. ரெண்டு நாள்ல டிராக்டர் வந்து வண்டிய இழுத்துனு போயிடும்."

"ஊருக்கே விட்டுட்டா என்ன சார்? ஒரு வண்டிதானே?"

"தண்ணி பூந்து தீப்புடிச்சா யார் அணைக்கிறது? யார் பதில் சொல்றது? நீயே சொல்லு."

சோதனைக் கூடத்தில் பேட்டரி செல் உப்பி வெடித்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள். ஒரு மழைக்காலம் தாண்டினால், பார்த்துக்கொள்ள ஆளில்லாத அந்த வண்டி இதே ஊர்க்காரர்களை எரித்தாலும் எரிக்கும். விட்டுப்போவதும் தப்பு, எடுத்துப்போவதும் தப்பு. கம்பெனியே முடிவெடுத்துவிட்டதால் இரண்டில் எதையும் அவள் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

விஷயம் தெரிந்ததும், ஊருக்குள் வண்டியை நிறுத்திவைத்திருந்த ஷெட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. "மெய்யாலுமா எடுத்துனு போறாங்க?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. கூட வேலை பார்த்த ஆகாஷ், "டிராக்டர் வர்ற அன்னிக்குக் கழட்டிக்கலாமே வாணி, இன்னா அவசரம்?" என்றான். அவள் கேட்கவில்லை. கழற்றிவிட்டால் ஆசை போய்விடும் என்று நினைத்தாள், ஊருக்கும் தனக்கும். அன்று மாலைக்குள் பேட்டரியில் இருந்த சார்ஜை முழுக்க இறக்கினாள். கன்ட்ரோலரைப் பெட்டியில் வைத்து, ஆகாஷின் பைக்கில் கட்டிக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பிவைத்தாள்.

வேடியப்பன் ஸ்பேனர்களைத் துடைத்து அடுக்கிக் கொடுத்தார். "நாளைலருந்து புளி உலுக்கப் போறேங்க. மரம் சும்மாதான் இருக்குது" என்றார்.

மறுநாள் வெயில் ஏறுகிற நேரத்தில் குஞ்சம்மாள் ஷெட்டுக்கு ஓடிவந்தாள். வேடியப்பனின் மனைவி. மூச்சு வாங்கியது.

"மேடம், கிளை முறிஞ்சு வுழுந்துட்டாருங்க. எழுந்துக்க மாட்டேன்றாரு. காலு தெரியலன்றாரு. வண்டிய எடுங்க."

கோகிலவாணியின் கண் வண்டியில் கன்ட்ரோலர் இருந்த வெற்றிடத்துக்குப் போனது.

"எடுங்க மேடம், இன்னா பாத்துகினு நிக்கறீங்க?"

"வண்டி போவாதுக்கா" என்றாள் கோகிலவாணி. "நேத்தே கழட்டிட்டேன்."

குஞ்சம்மாளுக்கு அது உடனே புரியவில்லை. சக்கரம் இருக்கிறது, ஸ்டியரிங் இருக்கிறது, பலகையும் இருக்கிறது. பின்னாலேயே வந்த ஆண்கள் இரண்டுபேர், தள்ளிக்கொண்டே போகலாமா என்று கேட்டார்கள். இறக்கம்வரை தள்ளலாம். ஓடைக்கு அந்தப்பக்கம் தார் ரோடுவரை ஏற்றம். பேட்டரிப் பாரத்தோடு அதை யாராலும் தள்ளி ஏற்ற முடியாது. ஆகாஷுக்குப் போன் போட்டாள், சிக்னல் இல்லை. ஒருவன் பைக்கை எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்ல ஓடினான். தார் ரோடுவரைதான் அது வரும்.

கோகிலவாணி பலகையைக் கழற்றினாள். ஒரு போல்ட் திரும்பாமல் அடம்பிடித்தது. சுத்தியால் அடித்து உடைத்தாள். முதுகு வளையாமல் பலகையில் கிடத்தவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் மரத்தடிக்குப் போவதற்குள், வேடியப்பனின் அண்ணன் தம்பிகள் பதறிப்போய் அவரைப் போர்வையில் போட்டு மூங்கிலில் கட்டித் தூக்கிவிட்டிருந்தார்கள். இறக்கிவைக்கச் சொல்லிக் கத்தினாள். பலகைக்கு மாற்றினார்கள். அப்போது அவர் போட்ட சத்தத்தில் குஞ்சம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

வழி நெடுக ஆறுபேர் மாறிமாறித் தூக்கினார்கள். ஓடையில் ஒருவருக்குக் கால் வழுக்கிப் பலகை சாய்ந்தது. கோகிலவாணி தலைமாட்டைப் பிடித்தபடி நடந்தாள். வேடியப்பன் கண்ணைத் திறந்து, "நீங்க வுட்டுடுங்க மேடம், ஒங்களால ஆவாது" என்றார். அவள் விடவில்லை. ஆனால் அவர் சொன்னது நிஜம். அவள் தூக்கியதால் பாரம் ஒன்றும் குறையவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது வேடியப்பனுக்கு உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு எதுவும் இல்லை. விழுந்தபோதே நரம்பு அறுந்திருக்கலாம், தூக்கி வந்தபோதும் ஆகியிருக்கலாம், இப்போது அதைச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கோகிலவாணி அந்த இரண்டில் ஒன்று என்றாவது உறுதியாகிவிடாதா என்று பிறகு பல நாள் ஏங்கினாள். எது என்றாலும் தாங்கிக்கொள்வேன் என்று நினைத்தாள். அதுவும் பொய் என்று அவளுக்கே தெரிந்தது.

டிராக்டர் சொன்னபடி வந்து வண்டியை இழுத்துப்போனது. அவள் ஸ்கூட்டர் பிரிவில் சேர்ந்தாள். வழவழப்பான சிமென்ட் தளத்தில் அதை வட்டமடிக்கவிட்டுப் பார்ப்பதுதான் புது வேலை.

சித்திரையில் லீவு போட்டுவிட்டு நெல்லிமேட்டுக்கு நடந்து போனாள். வேடியப்பன் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவள் குரல் கேட்டும் திரும்பவில்லை. தூங்குகிறாரா இல்லையா என்று தெரியவில்லை. குஞ்சம்மாள் அவளை வாசலுக்குக் கூட்டிவந்தாள். ஒரு வசவாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்தே கோகிலவாணி வந்திருந்தாள். அது கிடைக்கவில்லை.

"ஒங்க கம்பெனில ஒக்காந்துனே செய்யற வேலை எதுனா இருக்குமா மேடம்? கை ரெண்டும் நல்லாத்தான் இருக்குது. ஸ்பேனர்லாம் எதுக்கு எதுன்னு தெரியும் அவருக்கு. கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன்."

கம்பெனி என்ன சொல்லும் என்று கோகிலவாணிக்குத் தெரியும். இளஞ்செழியனும் வேலையை விட்டுப் போய்விட்டார். கேட்பதற்கு அங்கே ஆளே இல்லை.

"கேக்கறேன்க்கா" என்றாள்.

குஞ்சம்மாள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதை அவரிடம் சொல்ல உள்ளே போனாள்.