திரும்பிப் பார்க்காத ஆமை

இரண்டாம் உலக யுத்த காலத்தில் புதுப்படங்கள் வருவது அருகிப்போனது. தூத்துக்குடியில் கொட்டகை வைத்திருந்த சிவனணைந்தபெருமாள் எங்கிருந்தோ பழைய ஊமைப்படச் சுருள்களை வாங்கிவந்தார். எல்லாம் மிருகங்களையும் கடல் பிராணிகளையும் வெள்ளைக்காரர்கள் பிடித்த படங்கள். ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்தில் பெரிய படத்துக்கு முன்னால் அவற்றை ஓட்டினார். திரைக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல சங்கரலிங்கத்தை அமர்த்திக்கொண்டார்.

சங்கரலிங்கம் துறைமுகத்தில் மூடை எடை பார்க்கிறவன். முப்பது தாண்டியும் தனிக்கட்டை. வாரம் முழுக்க அவனிடம் நாலு வார்த்தை பேச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொட்டகையே அவன் வாயைப் பார்த்துக் கிடந்தது. அந்த ருசியில் நரியைத் திருடனாக்கினான், முதலையைச் சண்டியராக்கினான். ஜனங்கள் நம்பினார்கள்.

பிறகு ஆமைப் படம் வந்தது. தாய் ஆமை ஒன்று கரையேறி, குழி பறித்து முட்டையிட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்கு நகர்ந்தது.

“பாருங்க, கல்நெஞ்சக்காரிய! பெத்ததப் போட்டுட்டுப் போறா. ஒரு தரம் திரும்பிப் பாக்காளா?” என்றான்.

கைக்குழந்தையாக இருந்த அவனை ஸ்ரீவைகுண்டத்தில் மாமன் வீட்டில் விட்டுவிட்டுக் கொழும்புக் கப்பலேறிய அம்மாவை நினைத்துத்தான் சொன்னான். கொட்டகையே காறித் துப்பியது. சந்தையில் ஆமைக்கறி வாங்குகிறவர்கள்கூட, “கல்நெஞ்சக்காரிய நல்லா வெட்டும்வே” என்று சிரிக்கத் தொடங்கினார்கள்.

ஒரு ஞாயிறு ஆட்டம் விட்டதும் ஆறுமுகத்தாய் என்பவள் வாசலில் அவனை நிறுத்தினாள். ஒரு வியாபாரி வீட்டில் சமையல் செய்கிறவள்.

“அண்ணாச்சி, அது திரும்பிப் பாக்கலன்னு எப்படிச் சொல்லுதிய?”

“படத்துல நீங்களே பாத்தியளே.”

“படம் தண்ணிக்கரையோட நின்னு போச்சே. அதுக்கப்புறம் அது என்ன செஞ்சுதுன்னு யாரு கண்டா?” என்றாள் அவள். “எம் புருசன் செத்துப் போனப்புறம், பிள்ளைய விளாத்திகுளத்துல மாமியாகிட்ட விட்டுட்டுத்தான் இங்கன சோறு பொங்குதேன். பஸ் ஏறுனப்போ நானும் திரும்பிப் பாக்கல. பாத்திருந்தா எறங்கியிருப்பேன்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரம் மூடைகளுக்கு நடுவே நின்று தூரத்துக் கப்பல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கரை மறைந்தபின் அம்மா மேல்தட்டில் என்ன செய்திருப்பாள்? இத்தனை வருஷத்தில் அவன் அதை யோசித்ததே இல்லை.

மறு ஞாயிறு ஆமை கடலை நோக்கித் திரும்பியபோது வாயை மூடிக்கொண்டான். மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“பேசும்வே!” என்று யாரோ கத்தினார்கள்.

“அது தண்ணிக்குள்ள போயிட்டு. அதுக்கப்புறம் நமக்குத் தெரியாது” என்றான்.

விசில் பறந்தது. பெண்கள் பக்கம் கண்ணால் தேடினான். ஆறுமுகத்தாயைக் காணவில்லை. ஆட்டம் விட்டதும் விசாரித்தான்; வியாபாரி குடும்பத்தோடு அவளும் குலசேகரன்பட்டினம் போய்விட்டாளாம்.

“ஜனங்க அந்தக் கல்நெஞ்சக்காரியப் பாக்கத்தான் வாராங்க. உமக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று சீறினார் சிவனணைந்தபெருமாள்.

அடுத்த ஞாயிறு வேறொருவன் திரையருகே நின்றான். சங்கரலிங்கம் டிக்கெட் எடுத்து, மணல் தரையில் ஜனங்களோடு உட்கார்ந்தான். புது ஆள் சங்கரலிங்கத்தின் பழைய வசனத்தையே இன்னும் ஓங்கிச் சொன்னான். சுற்றியிருந்தவர்கள் துப்பினார்கள். சங்கரலிங்கம் எழுந்து, கால்களைத் தாண்டித் தாண்டி வெளியே வந்தான். ஏன் போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெயில் கொளுத்தும் கடற்கரைச் சாலையில் தனியாக நடந்தான்.