சைக்கிளிலிருந்து விழுந்தவள்

என் ஓய்வூதிய மனு இரண்டாவது முறையும் திரும்பி வந்துவிட்டது. நான் போரில் இருந்ததற்குப் படைச் சான்று இருந்தது. அந்தப் போரால் மனம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று மருத்துவர் கடிதமும் இருந்தது. ஆனாலும் 'போதிய ஆதாரம் இல்லை' என்ற அதே வரி. கோளாறு எங்கே என்று பிடிபடவில்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஒவ்வொரு மாடிக் கதவிலும், கதவு மூடினால் மட்டும் மின்சாரம் போகவிடும் ஒரு கான்டாக்ட் உண்டு. எல்லாவற்றையும் ஒரே கம்பியில் வரிசையாகக் கோத்திருப்போம். ஒரு கதவு சற்றே திறந்திருந்தாலும் லிஃப்ட் நகராது. நின்ற லிஃப்டைக் கண்டால் மோட்டாரைத் திட்டமாட்டேன். எந்தக் கதவு என்று தேடுவேன்.

முன்னாள் படையினர் சங்கச் செயலாளரும் அப்படித்தான் தேடினார்.

"உன் பாஷையிலயே சொல்றேன் தம்பி. போர் ஒரு கதவு, டாக்டர் கடிதம் ஒரு கதவு. நடுவுல பதினாலு வருஷம் ஆன்னு திறந்து கெடக்கு. நோய் அப்பவே இருந்துச்சுன்னு காட்ட ஒரு பழைய காகிதம் வேணும். ஆஸ்பத்திரி சீட்டு ஏதாவது?"

"ஒண்ணுமில்லண்ணே."

படிவம் நிரப்ப உடன் வந்திருந்த என் மகள் பையைத் திறந்தாள். "ஒண்ணு இருக்கு மாமா. என் கை முறிஞ்ச சீட்டு."

என் காதுமடல் சுட்டது.

செயலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "சைக்கிள்ல இருந்து விழுந்ததுன்னு போட்டிருக்கு. இதுக்கும் உங்கப்பனுக்கும் என்னம்மா?"

"எனக்கு இன்னிக்கு வரைக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியாது மாமா."

அவர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

படையிலிருந்து திரும்பிய மறு மாதம் அது. அவளுக்கு ஏழு வயது. கைபிடித்துப் போய்க்கொண்டிருந்தோம். தெருவில் லாரி டயர் ஒன்று வெடித்தது. அவளைத் தரையில் தள்ளி மேலே விழுந்து மூடிக்கொண்டேன். நினைவு வந்தபோது அவள் மணிக்கட்டு எனக்கடியில் மடங்கிக் கிடந்தது. மருத்துவமனையில் கேட்டார்கள். சைக்கிள் என்றேன். அழுதுகொண்டிருந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். அதன்பின் உறவினர் கேட்கும்போதெல்லாம், "வாலுக் குட்டி, அடங்கினாத்தானே" என்று சிரித்திருக்கிறேன். அவளை வைத்துக்கொண்டே.

நடந்ததை அவரிடம் சொல்லிவிட்டு, "இத எழுதணுமாண்ணே?" என்றேன்.

"நீதான் எழுதணும். நான் எழுதினா செல்லாது."

"பெத்த புள்ள கைய ஒடிச்சவன்னு ஆபீஸ் பூரா படிப்பான்."

"படிக்கட்டும்ப்பா," என்றாள் மகள். "குறும்பு பண்ணி விழுந்தேன்னு ஊரே சொல்லுச்சே, நான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்?"

பேனாவை வாங்கிக்கொண்டேன். காகிதம் நகராமல் அவள் பிடித்துக்கொண்டாள், இன்றுவரை முழுதாகத் திரும்பாத அந்தக் கையால்.

மூன்று தாள்களைச் சேர்த்துக் கட்டி அனுப்பினோம்: தேதியுள்ள பழைய சீட்டு, டயர் வெடித்ததிலிருந்து நடந்ததைச் சொல்லும் அவளது உறுதிமொழி, அன்று மருத்துவமனையில் பொய் சொன்னவன் நான்தான் என்ற என் வாக்குமூலம். மூன்றாவது முறை மனு திரும்பி வரவில்லை; ஓய்வூதிய ஆணைதான் வந்தது.