சிற்றாற்றில் ஒரு ஞானஸ்நானம்

ஏசுதாசன் பாஸ்டர் ஞானஸ்நானம் கொடுக்கும்போது மறுபக்கம் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். தென்காசி சபையில் அந்த ஆள் முத்துகுமரன்தான். மார்க்கெட்டில் வாழைத்தார் சுமந்து இறுகிய தோள் அவனுக்கு. சீசன் நேரத்துச் சிற்றாறு இழுக்கிற இழுப்புக்கு அந்தத் தோள் இல்லாமல் யாரையும் முக்கி எடுக்க முடியாது.

அன்று முங்க வந்தவன் ஒருவன்தான். அச்சன்புதூர் ஜெபக்கூட்டத்து ஆள். பேர் பவுல் என்றார் பாஸ்டர். அவனே புதிதாக வைத்துக்கொண்ட பேர். பழைய பேரைச் சபையில் யாரும் கேட்பதில்லை. மெலிந்த உடம்பு, வழித்த தலை, வெள்ளை வேட்டி.

"கைய நெஞ்சுல கட்டிக்கிடணும். சாய்க்கும்போது எதையும் பிடிக்கப்பிடாது. நாங்க ரெண்டு பேரும் பிடிச்சுக்கிடுவோம்," என்றார் பாஸ்டர். "போன மாசம் ஒரு அக்கா பயத்துல என் மூக்குக்கண்ணாடிய ஆத்தோட அனுப்பிட்டாங்க."

"அது நான்தான். ஊருக்கே சொல்லுங்க," என்றாள் கரையில் குடைக்குள் நின்ற ஆனந்தவள்ளி. எல்லாரும் சிரித்தார்கள்.

குற்றாலம் மலை கறுத்துக் கிடந்தது. இங்கே சாரல் மட்டும்தான்.

இடுப்பளவுத் தண்ணீரில் மூன்று பேரும் நின்றார்கள். முங்குவதற்கு முன் சாட்சி சொல்ல வேண்டும்.

"என் பேரு தளவாய்," என்று பவுல் ஆரம்பித்தான். "லாரி ஓட்டினேன். குடிச்சிட்டு ஆலங்குளம் ரோட்டுல வரும்போது பைக்குல வந்த பையன அடிச்சிட்டேன். நிறுத்தல. கோர்ட்டுல, பாக்கலன்னு சொன்னேன். பாத்தேன். சைடு கண்ணாடில பாத்தேன். அவன் கையத் தூக்கினான்."

முத்துகுமரனின் உள்ளங்கை அதற்குள் அவனுடைய தோளுக்கு அடியில் இருந்தது. கோர்ட்டில் பார்த்த தளவாய்க்கு மீசையும் தொந்தியும் இருந்தன. அந்தப் பையன் முத்துகுமரனின் தம்பி; விடியும்வரை ரோட்டோரம் கிடந்தே செத்தான். கையைத் தூக்கினான் என்பது இன்றுதான் தெரிகிறது.

"அவன் பேரு பாண்டி," என்றான் முத்துகுமரன்.

தண்ணீர்ச் சத்தத்தில் அது பாஸ்டருக்குக் கேட்கவில்லை. தளவாய் திரும்பினான்.

"நீங்க…"

"அண்ணன்."

உதறிக்கொண்டு கரைக்கு ஓடுவான் என்று முத்துகுமரன் நினைத்தான். தளவாய் இரண்டு கைகளையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு கண்ணை மூடினான்.

"பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே…" பாஸ்டர் சாய்த்தார். தளவாயின் முகம் தண்ணீருக்குள் போனது.

"தூக்கு, முத்து."

முத்துகுமரன் தூக்கவில்லை.

"முத்து!"

குமிழிகள் மேலே வந்தன. உள்ளே இருந்தவன் திமிறவில்லை.

"பாஸ்டர், தண்ணி செவக்குது! மலைவெள்ளம் வருது! ஏறுங்க, ஏறுங்க!" ஆனந்தவள்ளி குடையைப் போட்டுவிட்டுக் கத்தினாள்.

சருகும் கொப்புமாக வெள்ளம் வந்து மோதியது. பாஸ்டர் கால் வழுக்கிக் கரையோர வேரைப் பிடித்துக்கொண்டார். முத்துகுமரனின் முதுகு பாறையில் இடித்தது. தளவாயை ஆறு இழுத்துக்கொண்டு போக, கடைசியில் அவனுடைய மணிக்கட்டு மட்டும் முத்துகுமரன் கையில் மிஞ்சியது.

தளவாயின் விரல்கள் விரிந்தே கிடந்தன. பாஸ்டர் சொன்னபடி நடக்கிறானா, போனால் போகட்டும் என்று இருக்கிறானா, தெரியவில்லை. விட்டால் போதும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வெள்ளம் கொண்டுபோய்விட்டது, நான் பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம்.

பார்க்கவில்லை. கோர்ட்டில் அவன் சொன்ன அதே சொல். முத்துகுமரன் பிடியை இறுக்கினான்.

"பிடிலே!" என்று கத்தினான். "என் கையப் பிடிலே, நாயே!"

விரல்கள் அசையவில்லை. செம்மண் தண்ணீர் வாய்க்குள் போனது. துப்பிவிட்டு மறுபடி கத்தினான். "தளவாய்! பிடிலே!"

விரல்கள் மெல்ல மூடின.

கரையில் தளவாய் குப்புறக் கிடந்து இருமினான். பாஸ்டர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "ஸ்தோத்திரம். ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா முங்கிட்டீரு," என்று சிரிக்கப் பார்த்தார். ஆனந்தவள்ளி துண்டு எடுத்துவர ஓடினாள். பாஸ்டர் வேரில் சிக்கிய செருப்பைத் தேடிப் போனார்.

"விட்டிருக்கலாம், அண்ணாச்சி," என்றான் தளவாய்.

"மொதல்ல தூக்காம வச்சிருந்தேன்."

"தெரியும்."

முத்துகுமரனுக்கு ஜெபம் வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது.

"எந்தக் கையத் தூக்கினான்?"

தளவாய் தலையை நிமிர்த்தவில்லை. "வலது."

முத்துகுமரன் தன் வலது கையைப் பார்த்தான். அது இன்னும் தளவாயின் மணிக்கட்டை விடவில்லை.