மடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம்

எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புகள் இரண்டு; ஒன்றுக்கு நான் ஆசிரியை, மற்றதற்கு மிஸ் டவுலிங். நடுவில் இருப்பது, கதவு போல மடித்துத் தள்ளிவிடக்கூடிய மடக்குச் சுவர். மிஸ் டவுலிங் வகுப்பின் சிரிப்பு முழுவதும் என் வகுப்புக்குள் வந்துவிடும். அந்தச் சிரிப்பில் என் மகள் மாரித்தின் குரலை மட்டும் தனியாகப் பிரித்து எடுக்க என்னால் முடியும்.

பெற்ற பிள்ளையை ஆசிரியை தன் வகுப்பில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பள்ளியின் விதி. அதனால் மாரித் அந்தப் பக்கம் போனாள். அதற்கு மேல் நானே ஒரு விதி போட்டேன். பள்ளி வாசலைத் தாண்டினால் நான் அம்மா இல்லை, மற்ற பிள்ளைகளுக்குப் போலவே மிஸஸ் ஹால்வர்சன். வந்த முதல் வாரம் இரண்டு முறை தவறினாள். முறைத்தேன். பிறகு தவறவே இல்லை. கெட்டிக்காரி என்று பெருமைப்பட்டேன்.

வீட்டிலோ எந்நேரமும் மிஸ் டவுலிங் புராணம்தான். இந்தப் புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் தட்டிலிருந்து வளைந்த மக்ரோனித் துண்டுகள் இரண்டை எடுத்து உதட்டின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டாள்.

"இதுதான் மேற்கோள் குறி. ஒருத்தர் பேசினதை ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கணுமாம். மிஸ் டவுலிங் சொன்னாங்க."

"சாப்பாட்டுல விளையாடாதே."

"கமா இருக்குல்ல, அதைக் குறிக்கு வெளிய விட்டா பனியில நடுங்குமாம். அதையும் உள்ள கூப்பிட்டுக்கணுமாம்!"

வயிறு எரிந்தது. சொன்னது நன்றாக இருந்ததால் இன்னும் எரிந்தது. எத்தனையோ வருடமாக நான் கரும்பலகையில் எழுதி எழுதிக் காட்டியது எந்தப் பிள்ளையின் தட்டுக்கும் வந்ததில்லை. நேற்று வந்தவள், காதில் பென்சில் செருகிக்கொண்டு திரிகிறவள், என் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை தேர்வு. அதற்கு முந்தின நாள் சுவரை மடக்கிவிட்டு இரண்டு வகுப்பும் சேர்ந்து படித்ததைத் திருப்பிப் பார்ப்பது வழக்கம். இந்த முறை அவளை ஒரு கை பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். புதுச் சொற்களுக்குப் படம் போட்ட அட்டைகள். அவன், அவள், அவர்கள் என்று எழுதிய காகிதத் தொப்பிகள்; பெயர்ச்சொல்லாக நிற்கும் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, அதற்குப் பதிலாகத் தொப்பிக்காரர் எழுந்து நிற்க வேண்டும். சரியாகச் சொன்னால் ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய். லஞ்சம்தான், யார் இல்லை என்றது?

என் தொப்பிகள் அரை மணி நேரம் ஓடின. பிள்ளைகள் சிரிக்கவும் செய்தார்கள். மாரித் 'அவர்கள்' தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒழுங்காக நின்று, "தேங்க் யூ, மிஸஸ் ஹால்வர்சன்," என்று மார்ஷ்மெல்லோவை வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்து மிஸ் டவுலிங்கின் மக்ரோனி. பிள்ளைகள் ஒரு வாக்கியம் எழுதி, பேச்சின் இரண்டு பக்கமும் மக்ரோனியை ஒட்ட வேண்டும். நான் பசை டப்பாக்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா! இங்க பாரேன்! கமாவை உள்ள கூப்பிட்டுட்டேன்!"

மாரித்தின் குரல். என் விதி எனக்கே மறந்துவிட்டது. "என்னடா செல்லம்?" என்று முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினேன்.

அவள் மிஸ் டவுலிங்கின் ஸ்வெட்டர் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

அறை கொல்லென்று சிரித்தது. "ஏய், உங்கம்மா அங்க நிக்கறாங்க!" என்று எவனோ கத்தினான்.

"அட, எல்லாப் பிள்ளைங்களும் ஒரு தடவையாவது டீச்சரை இப்படிக் கூப்பிட்டுடுவாங்க," என்று மிஸ் டவுலிங் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "போன வாரம் ஒருத்தன் என்னைப் பாட்டின்னான்!"

உண்மைதான். என்னையும்தான் ஊரார் பிள்ளைகள் அம்மா என்று உளறியிருக்கிறார்கள். அவர்கள் அம்மாக்கள் யாரும் பசை டப்பாவோடு அங்கே நின்றுகொண்டிருக்கவில்லை.

மாரித்தின் காது சிவந்துவிட்டது. என்னைப் பார்த்து, "ஸாரி, மிஸஸ் ஹால்வர்சன்," என்றாள்.

சாயங்காலம் காரில் கண்ணாடி முழுக்கப் பனி மூட்டம். வைப்பர் ஓடுவதைப் பார்த்தபடி கேட்டேன்.

"அவங்களை அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்கியா?"

"இல்லம்மா. வாயில வந்துடுச்சு."

"அந்த வார்த்தை ஏன் எங்கிட்ட வரலை?"

"உங்கிட்ட வாயில வந்தா முழுங்கிடுவேன். அவங்ககிட்ட முழுங்கணும்னு தோணலை."

ஏரி ஓரச் சாலையில் வண்டியைத் திருப்பினேன். மிஸ் டவுலிங்கை மனதார வெறுத்தேன். அவள் ஒரு தவறும் செய்யவில்லை என்பதற்காகவும் சேர்த்து வெறுத்தேன்.

"சரி, நாளையிலேருந்து ஸ்கூல்லயும் அம்மான்னே கூப்பிடு," என்றேன்.

மாரித் யோசித்தாள். பள்ளியில் வாங்கிய மார்ஷ்மெல்லோவை மடியிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"வேணாம்மா," என்றாள். "பழகிடுச்சு."